செடிக்கு வந்த ஐஸ்

எனக்கு வயது எண்பத்து நாலு. பெற்றது ஒன்பது, வளர்த்தது பதினொன்று. கணக்கு உதைக்கிறதே என்பவர்களுக்குச் சொல்கிறேன்: மீதி இரண்டும் என் நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள். அவர்களுக்கும் என் சோறுதான், என் அடிதான். பதினொன்றில் ஒன்றுகூட இன்றுவரை எவன் முன்னாலும் கூனிக் குறுகி நின்றதில்லை. இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு ஐஸ்கட்டியின் கதையைத்தான் சொல்வேன்.

ஜொகூரில், ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். சிங்கப்பூர்ப் பாலத்தின் மேல் ரயில் ஓட ஆரம்பித்திருந்த சமயம். அப்பாவைப் பால்வெட்டிலிருந்து எடுத்துத் துரை பங்களாவில் பூச்செடிகளைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய வரம். அந்த வேலை போய்விடக் கூடாதென்று வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டே இருந்தோம்.

தன் ஊருக்குப் போய்த் திரும்பிய துரைசானி, வேரை ஈரப்பாசியில் சுற்றி மூன்று செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தாள். வெள்ளைக் கரண்ட் என்று பெயர். விளக்கு எரிகிற கரண்ட் இல்லை. அது நாங்கள் குடியிருந்த கூலி லயத்துக்கு வர இன்னும் எத்தனையோ வருடம் கிடந்தது. இது பழம். கொத்துக்கொத்தாகத் தொங்குமாம், ஒவ்வொன்றும் முத்துப் போல இருக்குமாம், தோலுக்குள்ளே விதை தெரியுமாம். அப்பா சொல்லக் கேட்டு எனக்கு வாயூறிக்கொண்டிருந்தது.

பங்களாவின் சமையல்கட்டுப் பக்கம், உச்சி வெயில் படாத இடத்தில் அப்பா குழி வெட்டினார். மேலே அத்தாப்பு ஓலையில் ஒரு பந்தல். நடுக்கிளைகளை வெட்டிக் குவளை போல விரியவிட்டார். இலை வந்தது, பருத்தி இலையைச் சிறிதாக்கின மாதிரி. மேலும் மேலும் இலைதான் வந்தது. பூ மட்டும் இல்லை.

குளிர் வந்து, இலை உதிர்ந்து, செடி தூங்கி எழுந்தால்தான் பூக்கும் என்று துரைசானி சொன்னாள். நம் ஊரில் குளிருக்கு எங்கே போவது? இலையைக் கையாலேயே பறிக்கச் சொன்னாள். அப்பா ஒன்று விடாமல் பறித்தார். சாயங்காலம் பைப்படியில் பெண்கள் அவரை விடவில்லை.

"ஏண்ணே, செடிக்கு மொட்டை போட்டுட்டீங்களாம். காதுகுத்து எப்போ? சொல்லி விடுங்க, நாங்களும் வாறோம்."

அப்பா சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அதற்கப்புறம் ஐஸ் வர ஆரம்பித்தது. சிங்கப்பூரிலிருந்து மத்தியான ரயிலில், மரத்தூள் கொட்டிய சாக்கில் கட்டி வரும். பால் வாளி தூக்குகிற காண்டாக் கம்பில் அதைத் தொங்கவிட்டு அப்பா கொண்டுபோய்ச் செடியின் வேரைச் சுற்றி வைத்துச் சாக்கால் மூடுவார். செடிக்குக் குளிர்காலம் வந்துவிட்டதாம்.

அந்த நாளில்தான் என் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வயதுப் பிள்ளை. உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. கண் மேலே செருகிக்கொண்டது. காலையில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து பார்த்தார்.

"தலையில ஐஸ் வச்சாத்தான் சூடு எறங்கும். இந்தக் காட்டுல ஐஸுக்கு எங்கே போவீங்க?" என்று சொல்லிவிட்டு, பங்களா ஐஸ் ஞாபகம் வந்தவர் போல, அப்பாவைப் பார்க்காமல் போய்விட்டார்.

அம்மாவும் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா தங்கையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

மத்தியானம் ரயில் ஊதிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பா லயத்து வாசலுக்கு வந்தார். ஐஸ் உருகி முதுகெல்லாம் மரத்தூளாய் வழிந்தது. அம்மா இறங்கிப் போய் வழியை மறித்தாள்.

"எறக்குங்க."

"இது பங்களா ஐஸ்."

"தெரியும். எறக்குங்க."

அப்பா மரம் மாதிரி நின்றார். அம்மாவே சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள். எதிர்வீட்டு வாசலிலிருந்து கங்காணி கத்தினார்:

"ஏ புள்ள, துரைசானி சாமான்ல கை வைக்காத!"

"கை வச்சாச்சு கங்காணியாரே. போய்ச் சொல்லுங்க."

அம்மிக் குழவியால் உடைத்து, பழைய சேலையில் முடிந்து, பிள்ளையின் தலையில் வைத்தாள். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அலறிவிட்டாள்.

"அண்ணி, காய்ச்சலுக்குக் குளுமையா? ஜன்னி கண்டுடும்!"

"செத்தாலும் என் புள்ள, பொழச்சாலும் என் புள்ள. நீ விசிறு."

ஒரு முடிச்சு கரைந்தால் இன்னொரு முடிச்சு. பொழுது சாய்வதற்குள் உடம்பு வேர்த்தது. தங்கை கண் திறந்து கஞ்சி கேட்டாள். மீந்த ஐஸை அம்மா திருப்பி அனுப்பவில்லை. லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். வாழ்க்கையில் நான் தின்ற முதல் ஐஸ் அது. பல் கூசியது, துப்ப மனம் வரவில்லை.

மறுநாள் பங்களாவுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்பா பின்னால் வந்தார். படியில் துரைசானி, பக்கத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார்.

"ஆரைக் கேட்டு எடுத்தனீ எண்டு கேக்கிறா."

"எம்புள்ளைக்குக் காய்ச்சல். எடுத்தேன். செடிக்கு நாளைக்கு வரும்."

கிராணியார் அதை இங்கிலீஷில் நீளமாகச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, குரலைக் குழைத்துச் சொன்னார். அம்மா சொல்லாத மன்னிப்பெல்லாம் அதில் இருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, குழைகிற குரல் எதுவென்று தெரியும். துரைசானிக்குக் கொஞ்சம் மலாய் வரும். அம்மா கிராணியாரை விட்டுவிட்டு நேராக அவளிடமே சொன்னாள்:

"பொக்கோ போலே துங்கு, மெம். அனாக் தா போலே."

மரம் காத்திருக்கும், பிள்ளை காத்திருக்காது. துரைசானியின் முகம் சிவந்தது. விருட்டென்று உள்ளே போய்விட்டாள். அன்றைக்கே அப்பாவைப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். காலில் விழுந்தால் மன்னிப்பார்கள் என்று கங்காணி வந்து சொன்னார். "பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க எடுத்தேன். திருடினவ விழட்டும்" என்று அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

செடி மூன்றும் ஒரு பூக்கூடப் பூக்காமல் பட்டுப்போயின. அதற்கும் அம்மாதான் காரணம் என்று பங்களாவில் பேச்சாம். பேசட்டும். என் தங்கை இன்றைக்கும் குளுவாங்கில் இருந்துகொண்டு போனில் என்னோடு சண்டை போடுகிறாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா மாதிரி இருக்க வேண்டும், அப்பா மாதிரி வாயைத் திறக்காமல் நிற்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அவர் புல்வெட்டிவிட்டுக் காலை நீட்டி எண்ணெய் தேய்க்கும்போதுகூட எனக்கு இரக்கம் வரவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்து, எனக்கும் நாலைந்து பிள்ளைகள் ஆன பிறகு, ஒருநாள் ரயிலை விட்டிறங்கி அந்தத் தோட்டத்துக்கு நடந்து போனேன். ஸ்டேஷனை விட்டதுமே பங்களாப் பாதை இடது கைப்பக்கம் மேடேறிவிடுகிறது. லயம் வலது கைப்பக்கம், பள்ளத்தில், ஓடைக்கு அந்தண்டை. சின்ன வயதில் ஓடித் திரிந்த பாதைதான். நின்று பார்த்தது அன்றைக்குத்தான். முழங்கால் வலிக்காரர், உருகுகிற ஐஸைத் தோளில் வைத்துக்கொண்டு, எதற்காக ஓடையைத் தாண்டி எங்கள் வாசல் வழியாக வந்தார்? அம்மா அதை அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பாள். என்னிடம் இரண்டு பேருமே சொல்லவில்லை.

அம்மாடி பேத்தி, நான் எழுதிவைத்த இந்தக் கோணல் எழுத்து உனக்குப் புரிகிறதா? இந்தா, முதலிலிருந்து வாசி. உரக்க வாசி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும். அப்பா வருகிற இடத்தில் மட்டும் அவசரப்படாதே.