டிரெய்லர் ஆணி

எனக்கு அப்போது பத்து வயது. மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக அப்பாவின் கொல்லுப்பட்டறை இருந்தது. பண்ணையின் கலப்பைக் கொழுவும் கூலியாட்களின் அரிவாளும் அங்கேதான் வரும். அந்த வருஷ அறுவடையில் இரண்டு தரப்புக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஆட்சி மாறிவிட்டது, இனி கூலி உயரும் என்று கூலியாட்களின் சங்கத்தார் நம்பினார்கள். பண்ணையாரோ வெளியூர் ஆட்களை இறக்கி, புது டிராக்டர் ஒன்றும் வாங்கிவிட்டார்.

டிராக்டரோடு டிரெய்லரைப் பிணைக்கும் ஆணி ஒருநாள் தொலைந்துபோனது. பண்ணையிலிருந்து பழைய லாரி அச்சுத் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். தடிமன் சரியாகவே இருந்தது. ஒரு முனையைத் தட்டிக் கொண்டையாக்கினால் போதும். அப்பா அதை உலையில் வைத்தார். காற்று விசிறியைச் சுற்றுவது என் வேலை. செவ்விளநீர் நிறம் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அளவு கேட்க டிரைவரிடம் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கட்சி ஜீப் ஒன்று நோட்டீஸ் வீசிக்கொண்டு போனது. கை சுற்றிக்கொண்டே இருக்க, கண் ஜீப்போடு போய்விட்டது. திரும்பியபோது இரும்பு வெளுத்துப் பொறி கக்கியது. பயந்துபோய் நிறுத்தினேன். அப்பா வருவதற்குள் அது பழையபடி சிவந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், கதிர்க்கட்டு ஏற்றிய டிரெய்லர் மதகு மேட்டில் ஏறும்போது ஆணி முறிந்தது. வண்டி பின்னால் உருண்டு வாய்க்காலில் கவிழ்ந்தது. கற்கண்டை உடைத்தாற்போல் மினுங்கிய முறிவை அப்பா வெகுநேரம் பார்த்தார். சங்கத்தார் சொல்லித்தான் இப்படிச் செய்தாயா என்று பண்ணையார் கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க. என் கைப்பிசகுதான்."

அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். வீங்கியிருந்த வலது மணிக்கட்டு பிறகு சம்மட்டி தூக்கவே இல்லை.

சங்கத்தார் வந்து அப்பாவுக்குச் சிவப்புத் துண்டு போர்த்தினார்கள். தங்களுக்காகத்தான் செய்தார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் மறுத்ததை அடக்கம் என்று மெச்சினார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன். அம்மா மட்டும் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

"அன்னைக்கு நான் வெளில போனப்ப இரும்பு வெளுத்துப் போச்சா பாப்பா?"

"இல்லப்பா."

"சரி" என்றார். அதன்பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. பட்டறையை மூடிவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு ரைஸ்மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

பின்னாளில் உலோகவியல் படித்தேன். லாரி அச்சு போன்ற உயர்வலு எஃகுக்குள் நுண்ணிய கார்பைடு படிவுகள் உண்டு. எஃகின் படிக மணிகள் பெருத்துவிடாமல் பிடித்துவைப்பவை அவை. சூடு மிஞ்சினால் அவை கரைந்துபோகும், மணிகள் பெருத்து எஃகு எளிதில் முறியும். வெளுப்பிலிருந்து சிவப்புக்கு இறங்கினாலும் பெருத்தவை சிறுப்பதில்லை. அந்தச் சூட்டிலேயே நன்றாக அடித்தால்தான் பெரிய மணிகள் உடைந்து பொடி மணிகளாகும். கொண்டையில் மட்டும்தான் அப்பாவின் சம்மட்டி விழுந்தது. தண்டில் ஓர் அடிகூட விழவில்லை; முறிந்ததும் அங்கேதான்.

இதையெல்லாம் எனக்குச் சொல்ல நுண்ணோக்கி வேண்டியிருந்தது. முப்பது வருஷம் இரும்படித்தவருக்கு அந்த முறிவைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே தெரிந்திருக்கும்.

நான் சொன்னதை அப்பா நம்பிவிட்டார் என்று அன்று நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன்.