நீலசந்திரா மோட்டாருக்கு நான் எழுதிய கார்டு

1938 ஆடியில் நான் பெங்களூர் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நீலசந்திராவில் ஒரு மாவு மில்லில் வேலை பார்த்த என் தங்கை கமலத்தின் புருஷன் முனுசாமிக்கு, மோட்டார் பெல்ட்டில் சிக்கி வலது கையில் நாலு விரல் போய்விட்டது. மோட்டார் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது என்று முந்தின வாரம்தான் மில் குமாஸ்தா அவனுக்காக எனக்குக் கடுதாசி எழுதியிருந்தார். சென்னையில் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன் நான். பெரிய மேதாவி மாதிரி, “பேரிங் இறுகியிருக்கும், எண்ணெய் விட்டு பெல்ட்டைக் கையால் தள்ளிவிடு” என்று முனுசாமி வீட்டு விலாசத்துக்குக் கார்டு போட்டேன். நான் சொன்னது தப்பாக இருக்குமோ என்ற பயத்தில்தான் கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை ஏழே முக்காலுக்கு ஏறினால் மாலை நாலரைக்கு கண்டோன்மெண்ட். மூன்றாம் வகுப்பு, மூன்று ரூபாய் ஏழணா. அங்கிருந்து நீலசந்திரா மூன்றரை மைல்.

“ஆறணா குடு சாமி, புல்லு வெல ஜாஸ்தி,” என்றார் ஜட்காக்காரர். பேரம் பேச மனமில்லை.

மில்லில் அன்றிலிருந்து மோட்டாரை யாரும் தொடவில்லை. மெயினை அணைத்துவிட்டு அச்சைச் சுற்றிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது, பேரிங்கில் ஒரு குறையுமில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் மூன்றில் நடுக்கம்பி எரிந்திருந்தது. ஒரு கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் தானாகக் கிளம்பாது, உறுமும். கையால் தள்ளினாலோ சட்டென்று வேகம் பிடிக்கும். புதுக் கம்பி போட்டுப் பெட்டியை மூடி, மெயினைப் போட்டேன். உடனே ஓடியது. மோட்டார் ஓடியதற்காக நான் அழுதது அன்றுதான்.

வீட்டில் முனுசாமி கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். “பேரிங்குதானே மச்சான்?”

“இல்ல மாப்பிள்ள, ஃபியூஸு. நான் எழுதினது தப்பு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கமலத்தைப் பார்த்து, “என் கார்டாலதாம்மா வந்துது,” என்றேன்.

“கார்டு வந்த அன்னிக்குக் குமாஸ்தா லீவு அண்ணா,” என்றாள். “நான்தான் படிச்சுச் சொன்னேன். மோட்டார்ல கை வைக்க பயமா இருக்குன்னு இவரு சொன்னாரு. எங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான்தான் அனுப்பி வச்சேன்.”



போகிறவர்களுக்கு: திரும்பி வரக் காலை ஒன்பது மணி வண்டி வசதி. ஆடியில் கம்பளி வேண்டும். மோட்டார் உறுமினால் மெயினை அணைத்து முதலில் மூன்று ஃபியூஸையும் பாருங்கள். தூரத்திலிருந்து யாருக்கும் வைத்தியம் எழுதாதீர்கள். கமலம் இப்போது யாருக்கும் கடுதாசி படித்துச் சொல்வதில்லை. அந்தத் தெருவில் எழுத்துத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான்.