பூஜ்யம் காட்டிய மழைமானி

அடுத்தவர் வீட்டு மொட்டைமாடியில் மண்டை காய நின்று, உள்ளே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே எத்தனை டிகிரி வெயில் என்று சொல்லும் தொழில் எங்களுடையது.

வீட்டு வானிலை நிலையம் என்றால் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஒரு கம்பம், அதில் காற்றுக்குச் சுற்றும் மூன்று கிண்ணம், வெப்பம் பார்க்க ஒரு வெள்ளைக் கூடு, மழை அளக்க மழைமானி என்று ஒரு புனல் டப்பா. எல்லாக் கணக்கும் வைஃபை வழியாகப் போனுக்கு வந்துவிடும். ஏசி மாட்டுபவர்களே, கேமரா மாட்டுபவர்களே, மாடிச் சாவிக்காகப் படிக்கட்டில் தவம் கிடந்தவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புரியும். நான் தங்கவயலில் பிறந்து ஆஸ்டின் டவுனில் குடியேறியவன். ஆறு வருஷமாகப் பெங்களூரில் இதே வேலை. சிரிக்க வைக்கும் கதைகள் என்னிடம் அதிகமில்லை. ஹெப்பகோடியில் ஒரு வீட்டில் நான் செய்த தவறு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மல்லேஸ்வரத்து மகள்

மல்லேஸ்வரத்தில் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர். தனி ஆள். கனடாவில் இருக்கும் மகள் ஆர்டர் போட்டிருந்தாள். அவள் அங்கிருந்தே பார்க்கும்படி செட் செய்து தரவேண்டும். நான் கம்பத்தை நிமிர்த்தி முடிக்கும்வரை அவர் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மகள் வீடியோவில் வந்து கைதட்டினாள்.

நாலு மாசம் கழித்து பேட்டரி மாற்றப் போனேன். பேச ஆள் கிடைத்தது என்று என்னை எழுந்திருக்கவே விடவில்லை, இரண்டு காபி ஆயிற்று. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுத் தொலைத்தேன். "நன்னாத்தான் இருக்கா. முன்னெல்லாம் அங்க மழையா, குளிரான்னு கேக்கவாவது போன் பண்ணுவா. இப்போதான் அதெல்லாம் அவளுக்கே தெரியறதே."

தினமும் காலை ஆறு மணிக்கு

எங்கள் அடுத்த தெருவில் ஒரு அக்கா. மாடியில் மற்ற இடமெல்லாம் துணி காயப்போட என்று சொல்லிவிட்டதால், தண்ணீர் டேங்க் ஓரமாகக் கம்பத்தை நட்டேன். வெயில் கொளுத்தும் மாசத்தில் தினமும் காலை ஆறு மணிக்கு அவர் போனில் மழை. மூன்று நாள் மிஷினைத் திட்டினேன். நாலாம் நாள் விடிந்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்தால், டேங்க் வழிந்து நேராகப் புனலில் கொட்டிக்கொண்டிருக்கிறது.

வெட்கமாகப் போயிற்று. மிஷின் சொல்வதைச் சும்மா நம்பக்கூடாது என்று அன்றைக்கே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கம்பம் நட்டதும் புனலில் ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றி, போனில் மழை ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். கம்பத்தை வேறு இடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "வேணாம் தம்பி, வுட்டுடு. இத்தினி நாளா மோட்டார் ஆஃப் பண்ண மறந்துட்டு ஓனர்கிட்ட திட்டு வாங்கினு இருந்தேன். இப்போ மழை வந்தா எழுந்து போயி ஆஃப் பண்றேன்."

கால்வாய் ஓரத்துக் கீழ்வீடு

ஹெப்பகோடியிலிருந்து மகேஸ்வரி என்பவர் கூப்பிட்டார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், ஒரு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். கணவர் முனிராஜ் எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்க் கட்டிலோடு கிடக்கிறார். வீடு தரைத்தளம். பின்னாலேயே மழைநீர்க் கால்வாய். அரைமணி நேரம் அடித்துப் பெய்தால் கால்வாய் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். போன வருஷம் கட்டில் காலில் பாதி உயரத்துக்கு வந்ததாம்.

மழை வலுக்கிறது என்று தெரிந்தால் எதிரே உள்ள மெக்கானிக் கடைக்கு மகேஸ்வரி போன் போடுவார். இரண்டு பேர் வந்து முனிராஜை மாடிக்குத் தூக்கிப் போவார்கள். ஆனால் பெங்களூர் மழைதான் உங்களுக்குத் தெரியுமே, வீட்டுத் தெருவில் கொட்டும், கம்பெனித் தெருவில் வெயிலடிக்கும். அதனால்தான் போனில் அலாரம் அடிக்கிற மழைமானி வேண்டும் என்றார். வீட்டுக்காரரே உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லலாமே என்று கேட்டேன். மகேஸ்வரி குரலைத் தாழ்த்தினார். "பண்ண மாட்டாருண்ணா. ஆளுங்க வந்து தூக்கறது அவருக்கு அசிங்கமா இருக்குது. தண்ணி மூக்கு வரைக்கும் வந்தாலும் வாயத் தொறக்க மாட்டாரு."

பத்தரை மணிக்குள்

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். மழைமானிக்குள் தராசு மாதிரி இரண்டு பக்கமும் சாயும் ஒரு குட்டித் தொட்டி உண்டு; தண்ணீர் நிரம்பி அது எத்தனை தடவை சாய்கிறதோ, அதுதான் போனில் மழைக்கணக்கு. பார்சலில் ஆடி உடையாமல் இருக்க அதற்கடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் சொருகியிருப்பார்கள். அதை நான் கடைசியில்தான் எடுப்பேன். கம்பத்தைத் தூக்கி நிறுத்தும்போது தொட்டி அடிபடாமல் இருக்கும். நட்டு, மட்டம் பார்த்து, அலாரம் செட் செய்து திரும்பினால், மாடியில் குடியிருக்கும் வீட்டு ஓனர் தாம்பாளத்தோடு நிற்கிறார். இந்த ஊரில் ஸ்குரூ டிரைவர் வாங்கினாலும் பூஜை உண்டு. புனலுக்கு மஞ்சள் குங்குமம், கம்பத்துக்குச் சாமந்திச் சரம், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய் என்று எல்லாம் முறையாக நடந்தது.

கற்பூரம் அணைந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். ஓனர் தடுத்தார். எனக்கும் மதியம் இன்னொரு வீடு பாக்கி இருந்தது, மறுபேச்சுப் பேசாமல் டிரில்லைப் பையில் போட்டேன். ஊற்றியிருந்தால் ஸ்பாஞ்ச் ஞாபகம் வந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்: "பேடா மேஸ்திரி, வேணாம். மணி பத்தரை, ராகுகாலம் வந்தாச்சு. பூஜை ஆன சாமான் மேல இப்போ தண்ணி ஊத்தினா நல்லதுக்கில்ல."

நாலு மணி மழை

அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் சொட்டு மழையில்லை. போன் பூஜ்யம் காட்டியது, அது சரியாகவும் இருந்தது. வெயிலும் காற்றும் பிசகாமல் வந்ததால் மகேஸ்வரிக்கு மிஷின் மேல் முழு நம்பிக்கை. பிறகு ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஓனர் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மகேஸ்வரி கம்பெனியில், ஜன்னல் இல்லாத ஹாலில் இருந்தார். அலாரம் அடிக்கவில்லை. தண்ணீர் கட்டிலுக்கு ஏறி, முனிராஜ் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் கிடந்திருக்கிறார். மெக்கானிக் கடைக்குள்ளும் தண்ணீர் வந்த பிறகுதான் அங்கிருந்தவர்களுக்கு அவர் ஞாபகம் வந்து ஓடியிருக்கிறார்கள். முதுகிலிருந்த படுக்கைப்புண்ணில் சாக்கடைத் தண்ணீர் பட்டுச் சீழ் வைத்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு மகேஸ்வரி எனக்குப் போன் பண்ணி இவ்வளவையும் சொன்னார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மிஷின்ல ஏதோ கோளாறு போலிருக்குதுண்ணா. அவ்ளோ மழை பேஞ்சும் இன்னும் ஜீரோன்னே காட்டுது. ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா?"

புனலைத் திறந்தபோது

மகேஸ்வரி பக்கத்தில் நிற்க, புனலைத் திருகி எடுத்தேன். ஸ்பாஞ்ச் ஊறிப் பாசி பிடித்து, தொட்டியை அசைய விடாமல் உட்கார்ந்திருந்தது. சென்சார் போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லித் தப்பலாமா என்ற நினைப்பு எனக்கு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் வாய் வரவில்லை. இது என் தப்பு, எடுக்க மறந்துவிட்டேன் என்றேன். அழுகை வந்துவிட்டது. மகேஸ்வரி ஸ்பாஞ்சைக் கையில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

முனிராஜிடமும் போய்ச் சொன்னேன். திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகேஸ்வரி சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு நானே அவளுக்குப் போன் பண்ணேண்ணா. மழை வலுக்குது, ஆளுங்கள அனுப்புன்னேன். மிஷின்ல ஜீரோ காட்டுது, தூறலாத்தான் இருக்கும், பயப்படாம படுங்கன்னா. அதுக்கு மேல நான் கேக்கல."

வீட்டில் இருக்கிற மனுஷர் மழை என்று சொன்னால் போனைப் பார்க்காதீர்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் முதலில் சொல்லிவிட்டுத்தான் இப்போது டிரில்லை எடுக்கிறேன், அதைக் கேட்டதும் பாதிப் பேர் ஆர்டரை ரத்து செய்துவிடுகிறார்கள்.