அந்த அம்மாள் சொன்ன ரொட்டி

ரொட்டி என்றால் புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு ஒன்றுதான் மனதில் வரும். முழங்கை நீளத்தில், மேல்தோல் பொன்னிறமாக வெடித்து, உடைத்தால் சத்தம் கேட்கிற ரொட்டி. சதுரமாக இருந்து துண்டு துண்டாக அறுத்து உறையில் வருவது பிரெட். மாவைத் தட்டையாகத் தேய்த்துக் கல்லில் போட்டு எடுப்பது சப்பாத்தி. இந்த மூன்றையும் நாங்கள் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. அந்தத் தெளிவுதான் என்னைக் கவிழ்த்தது.

நான் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டே சம்பளம் வாங்கியவன்.

என் மகளுக்கு நாற்பது நெருங்குகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை; கதிர்காமத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே பருமன். அலுவலகத்தின் மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்க வேண்டி வந்தது. சர்க்கரையும் வந்து சேர்ந்தது. அவளே விசாரித்து, அவளே முடிவு செய்து, சென்னையில் ஒரு மருத்துவமனையில் வயிற்றில் பட்டை போட்டுக்கொண்டாள். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ரப்பர் போன்ற ஒரு வளையத்தை மாட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். தோலுக்கு அடியில் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

அவள் வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி சொன்னாள்: “வெரல்ல போட வேண்டிய மோதிரத்த வயித்துல போட்டுக்கினு வந்திருக்கா.”

“உனக்கு மாப்ள பாக்கற வேல மிச்சம்மா,” என்றாள் மகள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் மோதிரம்.

முதலில் நீராகாரம் மட்டும். பருப்புத் தண்ணீர், கஞ்சி, வடிகட்டிய சூப். பிறகு மசித்த காய், மசித்த பருப்பு. அதற்குப் பிறகு கெட்டியான உணவுக்குப் போக வேண்டிய கட்டத்தில் மோதிரத்தை இறுக்கச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். மகளை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். மனைவி அவள் பக்கத்தில் இருந்தாள். என்ன சாப்பிடலாம் என்று சொல்லும் அம்மாள் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். வடநாட்டுக்காரர். தமிழைக் கற்றுக்கொண்டு நன்றாகவே பேசினார்.

“சார், இனிமே ரொட்டி குடுக்கலாம். கோதுமை ரொட்டி. நல்லா சுட்டு, மொறுமொறுன்னு இருக்கணும். கையளவு போதும். கொஞ்சம் கொஞ்சமா மென்னு சாப்பிடணும். சோறு இப்ப வேணாம்.”

“எங்க ஊரே ரொட்டிக்குப் பேர்போன ஊரும்மா,” என்றேன் பெருமையாக.

அவர் சிரித்தார். “உங்க பொண்ணுகிட்டயும் நான் ஒரு தடவ சொல்லிடறேனே?”

“வேணாம்மா. நான் வாத்தியார். நானே சொல்லிக்கிறேன்.”

கோதுமை, நன்றாகச் சுட்டது, மொறுமொறுப்பு, கையளவு. ஒவ்வொன்றும் எங்கள் ரொட்டிக்குப் பொருந்தியது. திரும்பி வரும்போது காரில் மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“பிரெட்டு சிக்கிக்கும்னு எங்கயோ படிச்சனேப்பா?”

“அது பிரெட்டு. இது ரொட்டி,” என்றேன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் நான் முடித்தால் முடிந்ததுதான்.

மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய ரொட்டியை வாங்கி, சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து சேர்த்தேன். மகளுக்காக இந்த வயதில் இவ்வளவு தூரம் போய் வருகிறோமே என்று எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு. கையளவு உடைத்து அவள் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

புது ரொட்டியின் உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை எச்சில் பட்டால் பிசைந்த மாவாகிவிடும் என்பதும், அது இறுகிய வளையத்தின் வாயில் உருண்டையாகப் போய் அடைத்துக்கொள்ளும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று நான் கண்டது, மூன்றாவது வாயில் அவள் நிறுத்திவிட்டு நெஞ்சில் கை வைத்ததைத்தான். கண்ணில் நீர் கோத்தது. எழுந்து போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நுரை நுரையாகத் துப்பினாள்.

“மென்னு சாப்புடு. அவசரப்படாத.”

“மென்னுதாம்பா சாப்புடறேன்.”

“மென்னா ஏன் சிக்குது?”

மறுநாளும் அப்படித்தான் ஆனது. சில நாள் பாதி இறங்கும், சில நாள் ஒன்றும் இறங்காது. மேல்தோலை மட்டும் கடித்தால் பரவாயில்லை என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். உள்ளே இருப்பதை வீணாக்காதே என்றேன்.

என் மனைவிதான் இடையில் வந்தாள். “ஏங்க, சோத்தயாவது கொழைய வெச்சிக் குடுக்கறேன்.”

“சோறு கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“அப்ப நீங்களாவது எழுந்து போங்க. பரிட்ச ஹால்ல காப்பி அடிக்கறானான்னு பாக்கற மாதிரி எதிர்ல உக்காந்து பாத்தா, மோதிரம் போடாத எனக்கே தொண்டயில நிக்கும்.”

நான் எழுந்து போகவில்லை. ஏன் என்பதை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மகளின் பருமனுக்கு அவள் நாக்குதான் காரணம் என்று நான் வெகுகாலமாக நம்பிவந்தேன். அவளிடம் நேராகச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும்படி நடந்துகொண்டிருக்கிறேன். விருந்துகளில் அவள் இரண்டாம் முறை கை நீட்டும்போது நான் பார்க்கிற பார்வை அவளுக்குத் தெரியும். ரொட்டி சிக்கிய ஒவ்வொரு காலையும் என் நம்பிக்கைக்கு ஒரு சாட்சி கிடைத்தது. அவள் குனிந்து துப்புவதைப் பார்த்து எனக்கு வருத்தம் வந்தது உண்மை. வருத்தத்துக்கு அடியில், நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்ற திருப்தியும் இருந்தது.

ஒரு மாலை கோரிமேட்டுப் பக்கம் நடக்கப் போனவன் மழை பிடித்துக்கொண்டதால் பாதியில் திரும்பிவிட்டேன். மகள் அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். சமையலறையில் மேடையோரம் நின்றுகொண்டே ஒரு கிண்ணத்திலிருந்து ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கார்ன் ஃப்ளேக்ஸ். வெதுவெதுப்பான பாலில் சொதசொதவென்று ஊறவிட்டிருந்தாள். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் நடுவே நிறுத்தி, உள்ளே இறங்குகிறதா என்று காத்திருந்து, இறங்கியதும் அடுத்ததை எடுத்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகம் இறுக்கமில்லாமல் இருந்ததைப் பார்த்தேன். அப்படியே நான் உள்ளே போயிருக்கலாம்.

“ஓ. ரொட்டி எறங்காது, இது மட்டும் எறங்குதா?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “பசி தாங்கலப்பா. மத்தியானம் ஒண்ணுமே சாப்புடல.”

“வயித்துல மோதிரம் போட்டு இன்னா பிரயோஜனம்? உனக்கு வாயிலதான் பூட்டு போட்டிருக்கணும்.”

அவள் மிச்சத்தைக் கொட்டினாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். என்னைத் தாண்டித் தன் அறைக்குப் போனாள். அதற்குப் பிறகு எங்களோடு மேசையில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். நான் உடைத்து வைக்கும் துண்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே எவ்வளவு இறங்கியது, எவ்வளவு துப்பினாள் என்று எனக்குத் தெரியாது. கொடுத்ததைச் சாப்பிடுகிறாள் என்று சமாதானம் அடைந்தேன்.

ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில், தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாள். ஒரு வாய் குடித்தால் அந்த ஒரு வாயும் திரும்பி வந்தது. கார் பிடித்துச் சென்னைக்குப் போனோம். மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துக்கொண்டு வழி நெடுகத் துப்பிக்கொண்டே வந்தாள். மருத்துவமனையில் ஊசி குத்தி உப்புநீரை எடுத்து மோதிரத்தைத் தளர்த்தினார்கள். சிறிது நேரத்தில் அவள் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தாள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதே அம்மாள் மறுபடி வெளியே வந்து என்னிடம் கேட்டார். “என்ன சார் சாப்பிட்டாங்க?”

“நீங்க சொன்ன ரொட்டிதாம்மா.”

“எத்தனை ரொட்டி சுட்டீங்க? மெல்லிசாத்தானே தேச்சீங்க?”

தேய்ப்பது என்று அவர் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மாள் ஊரில் ரொட்டி என்றால் நாங்கள் சப்பாத்தி என்பது. மெல்லியதாகத் தேய்த்து, அப்பளம்போல் காயச் சுட்ட சின்னச் சப்பாத்தியைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். நான் அடுப்புச் சூடு ஆறாத ரொட்டியைத் தினமும் என் மகளின் நெஞ்சுக்குள் அடைத்துவந்திருக்கிறேன்.

“ஒண்ணுதாம்மா. மெல்லிசுதான்,” என்றேன்.

அந்த இரண்டு சொல்லையும் சொல்லும்போது எனக்கு நாக்கு குழறவில்லை. அதுதான் இன்றும் எனக்கு அதிசயமாக இருக்கிறது.

அவர் உள்ளே போனார். நான் பின்னால் போய் வாசலில் நின்றேன். “வேகமா சாப்பிட்டீங்களா?” என்று மகளைக் கேட்டார்.

“ஆமா மேடம்,” என்றாள் மகள். “அப்பா சொல்லிக்கினேதான் இருந்தாரு. என் தப்புதான்.”

அவர் பொறுமையாக அவளுக்கு அறிவுரை சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

திரும்பும் வழியில் திண்டிவனம் தாண்டியதும் மகள் சொன்னாள்: “மோதிரத்த எடுத்துடலாம்பா. எனக்கு இது சரிப்படாது. வாயக் கட்ட முடியாதவளுக்கு இன்னாத்துக்கு இது? நீங்களே போன் பண்ணி என்னிக்கு வரலாம்னு கேளுங்க.”

எடுத்துவிட்டால் பழையபடி எடை ஏறும். சர்க்கரை ஏறும். மாடிப்படி முழுவதும் அவள் நிற்காமல் ஏறத் தொடங்கியிருந்தது நின்றுபோகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்து ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னால் அவள் அதை எடுக்க வேண்டியதில்லை என்பதும் தெரியும். “பாக்கலாம்மா,” என்றேன்.

போனும் செய்யவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு மகளுக்குத் துன்பம் தந்துவிட்டேன் என்று சாமியாரிடம் சொன்னேன். வேண்டுமென்று செய்ததில்லையே என்றார் அவர். எழுந்து வரும்போது மனது கொஞ்சம்கூட லேசாகவில்லை. சரியான பாவத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் மகள் கேட்டாள்: “போன் பண்ணீங்களாப்பா?”

“இல்லம்மா. பண்ண வேணாம். உக்காரு.”

சொன்னேன். ரொட்டி என்றால் அந்த அம்மாளுக்கு என்ன, எனக்கு என்ன என்பதைச் சொன்னேன். அவள் என்னையும் பக்கத்தில் இருந்த தன் அம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“அவங்க சொன்னது சப்பாத்தியா?”

“ஆமா.”

“அடப்பாவி மனுசா!” என்றாள் என் மனைவி. “ரெண்டு பாஷ படிச்ச வாத்தியாரு! ரொட்டிக்கு அர்த்தம் தெர்ல!”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது பிரெட்டு, இது ரொட்டி,” என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

“ஆஸ்பத்திரில நான் என் தப்புதான்னு சொன்னப்ப நீங்க வாசல்லதான நின்னுக்கினு இருந்தீங்க?”

“ஆமா.”

“அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

அவள் மேசைமீது கிடந்த ஒரு துணுக்கை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். “ரொட்டி சரிப்பா. ஊருக்கு ஊர் மாறுது, தெரியாம பண்ணிட்டீங்க. பூட்டுன்னு சொன்னீங்களே, அது எந்த ஊரு வார்த்த?”

மன்னித்துக்கொள் என்றேன். அவள் கேட்டது அதையல்ல. பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

அவளே அந்த அம்மாளுக்குப் போன் செய்தாள். மோதிரத்தை எடுக்கவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக இறுக்கிக்கொண்டு வந்தாள். எதை எப்படிச் சாப்பிடுவது என்று இந்த முறை நேரில் கேட்டுக்கொண்டாள். முந்தின நாள் வாங்கிய ரொட்டியை மெல்லிய வில்லைகளாக அறுத்து, ரஸ்க் மாதிரி காயும்வரை வாட்டினால் அவளுக்கு இறங்குகிறது. கார்ன் ஃப்ளேக்ஸை ஒரு சின்னக் கிண்ணத்தில், சர்க்கரை போடாமல், ஊறவிட்டுச் சாப்பிடுகிறாள். அது இறங்குவதால் அளவு தாண்டாமல் இருக்கக் கவனம் வேண்டும் என்றார்களாம். அந்தக் கவனம் அவளுக்கு இருக்கிறது. எப்போதும் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் நான் வெளியே போன பிறகுதான் மகள் மேசைக்கு வருகிறாள். யாரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை. நானும் விடிந்ததும் கிளம்பிவிடுகிறேன்.

சென்ற வாரம் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். வாசலுக்கு வரும்போதே இருவர் பேச்சும் கேட்டது; மகள் அலுவலகக் கதை ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவே, வாட்டிய ரொட்டியை அவள் கடிக்கிற சத்தம். நிதானமான, பயமில்லாத சத்தம். நான் உள்ளே கால் வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. கை மட்டும் தானாக இறங்கி, கடித்த வில்லையைத் தட்டில் வைத்துவிட்டது.

சாப்பிடும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லை அவள் என்னிடமிருந்து எப்படியெல்லாம் கேட்டிருக்கிறாள் என்று நினைவு வந்தது. கண்ணாடியை எடுக்காமலேயே கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினேன்.