கமலா அக்காவுக்கு நெஞ்சு பலம் இல்லையாம்

அந்த வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காரம், அடியில் மண்ணெண்ணெய் மாதிரி ஒன்று... மத்தியானம் கமலா அக்கா தோட்ட லயத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே அது வந்துவிடும். செம்பனைக் கன்றுகளுக்கு அடியில் புல் கருக மருந்தடிக்கும் வேலை அவளுக்கு. குளித்தாலும் தலைமுடியில் நிற்கும். ராத்திரி ஒரே பாயில் அவள் பக்கத்தில் படுத்தால் என் கண் எரியும்.

நேற்று எங்கள் கோயில் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. சிலருக்கு மட்டும் ஏன் அடிக்கடி நோய் வருகிறது என்று கேட்டு, சோம்பல், கெட்ட எண்ணம், பக்திக் குறைவு என்று பதிலும் போட்டிருந்தார்கள். கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது சிலாங்கூரில் ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அக்காவுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். மாதம் தவறாமல் அவளுக்குக் காய்ச்சல், இருமல், சில நாள் மூக்கில் ரத்தம். எனக்குத் தும்மல்கூட வராது. லயத்தில் எல்லோருக்கும் இதே பேச்சு.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க. சின்னது கல்லு மாதிரி நிக்குது, பெருசு பாரு, தொட்டா சுருங்கி."

"கொலதெய்வத்துக்கு ஏதோ கொறை வெச்சிருக்காங்க லா."

அம்மா அதை நம்பினாள். வருஷா வருஷம் அக்காவுக்காகப் பால்குடம் எடுத்தாள். நானும் இன்றுவரை எடுக்கிறேன், மாரியம்மன் இல்லாமல் எனக்கு ஒரு நாள் விடியாது. ஆனால் அந்த அம்மன் பெயரைச் சொல்லி மனிதர்கள் செய்ததை மூடி வைத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மற்றதெல்லாம் வீட்டுக் கணக்கு எழுதி எழுதிக் கற்றுக்கொண்டதுதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை அடித்துவிட்டு, மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். அக்காவுக்கும் எனக்கும் ஒரே சோறு, ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே பாய், ஒரே சாமி. அடித்துவிடுங்கள். மிச்சம் என்ன?

பள்ளி விடுமுறையில் நான்தான் அவளுக்குப் பசியாறத் தோசை எடுத்துப் போவேன். முதுகில் பம்போடு பெண்கள் வரிசையாக நடப்பார்கள். மூக்கில் பழைய துணி, அதையும் மருந்து கலக்கும் கால்வாயில்தான் நனைத்துக் கட்டுவார்கள். பம்புக் குழாய் நுனியில் துளை போட்ட ஒரு சின்னப் பித்தளை முனை உண்டு. அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி, வாயில் வைத்து ஊதுவார்கள்.

மற்றவர்கள் ஊதினால் அடைப்பு சட்டென்று போகாது. அக்கா ஊதினால் ஒரே மூச்சு.

"கமலா, இங்க வா, இதுவும் அடைச்சிக்கிச்சு," என்று வேலை வாங்கும் மண்டோர் கூப்பிடுவார். முழுக் கூட்டத்தின் முனைகளும் அவள் வாய்க்குத்தான் வரும். அவளுக்கு அதில் பெருமை வேறு.

"பாத்தியாடி? இவ்ளோ பேருல என் மூச்சுக்குத்தான் பயப்படுது," என்று சிரித்து, புறங்கையால் உதட்டைத் துடைத்துவிட்டு, நான் கொண்டு போன தோசையைப் பிய்த்து வாயில் போடுவாள்.

ஒரு வருஷம் ராவாங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. லோரி ஓட்டுகிற பையன். அக்காவுக்குப் பிடித்திருந்தது, அவருக்கும்தான். காப்பி கொடுக்கும்போது அக்கா இருமலை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவருடைய அம்மா போகிற வழியில் லயத்தில் விசாரித்திருக்கிறார். மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்காம். ஆனா நெஞ்சு பலம் இல்லாத பொண்ணு, நாளைக்கு புள்ள பெத்து எப்படி வளக்கும்னு யோசிக்கிறாங்க."

அடுப்படியில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள்.

"நெஞ்சு பலம் இல்லையாம்டி எனக்கு."

சிரித்தாள். அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை... மறுநாள் காலையில் பம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எந்தத் தோட்டத்துக்காக ஊதினாளோ, அந்தத் தோட்டம்தான் அவளை நோஞ்சான் என்று ஊரெல்லாம் சொன்னது. அதன் பிறகு வந்த வரன்களும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வந்தன, அதைச் சொல்லிவிட்டுத்தான் போயின.

இப்போது அக்கா கோலசிலாங்கூரில் என்னோடு இருக்கிறாள். போன மாதம் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். புது டாக்டர், நம் தமிழ்ப் பெண்பிள்ளை. மார்பில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, முன்ன என்னா வேலை செஞ்சீங்க?" என்றாள்.

"மருந்தடிச்சேன்மா, தோட்டத்துல."

"மாஸ்க் குடுத்தாங்களா?"

"மாஸ்க்கா... துணிய நனைச்சி கட்டுவோம் லா."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். இதனால்தான் என்று இத்தனை வருஷம் கழித்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லமாட்டேன் என்றாள். பிறகு, "இத யாருமே உங்கள கேக்கலியா?"

"கேக்காம என்ன? யாரு கண்ணு பட்டுச்சுன்னு கேட்டாங்க. எந்த வேண்டுதல விட்டேன்னு கேட்டாங்க. என்னா பாவம் செஞ்சேன்னு கூட..."

அன்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் இருந்தார், கணக்கெழுதும் கிராணி இருந்தார், மண்டோர் இருந்தார், சொந்தக்காரர்கள் இருந்தோம். இந்த ஒரு கேள்வி யார் வாயிலும் வரவில்லை. இப்போது கேட்க ஒரு பிள்ளை வந்துவிட்டாள். அக்காவுக்குத்தான் பதில் சொல்லி முடிக்க மூச்சு போதவில்லை. பாதியில் நிறுத்தி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மிச்சத்த நீ சொல்லுடி."

சொன்னேன். வாட்ஸ்அப் குழுவிலும் இதை அப்படியே போடப் போகிறேன், கைகூப்பியவர்கள் படிக்கட்டும்.