வாயைத் திறந்தபடி கேட்ட வசவு

உலகக் கோப்பை கால்பந்து நடந்துகொண்டிருந்தது. நான் மயிலாப்பூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, 'புயல்' என்ற புனைபெயரில் ரசிகர்களோடு அரட்டை அடிப்பேன். ஒருநாள் அர்ஜென்டினா ரசிகர் ஒருவரை, "உங்க ஆளுங்க தரையில உருளத்தான் லாயக்கு" என்று வம்புக்கு இழுத்தேன்.

மறுநாள் எனக்குப் பல்வலி; பல் டாக்டரிடம் போனேன். டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டே, "நேத்து நெட்ல புயல்னு ஒருத்தன் மேடம், அர்ஜென்டினா உருளத்தான் லாயக்குங்கறான். கையில கெடச்சான்னா ஊசி போடாமலே பல்லைப் பிடுங்கிடுவேன்" என்றார்.

டாக்டர் மெஷினை நிறுத்திவிட்டு, "நீங்க ஃபுட்பால் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். திறந்த வாயை மூடாமலே, இல்லை என்று தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் அரட்டையில் நான் யாரையும் சீண்டுவதில்லை. அர்ஜென்டினா ஜெயித்தால் முதல் வாழ்த்து என்னுடையதுதான். அந்த டாக்டர் எனக்கு இன்னும் இரண்டு பல்லை அடைக்க வேண்டியிருக்கிறது.