ஒரு ஆளுக்கு மட்டும் இடம்

டெரிக்குக்குக் கதை கட்டத் தெரியாது. வேலைக்குப் பிந்திப் போனால் பஸ்ஸைக் குறை சொல்லாமல், நித்திரையாகிப் போனேன் என்று மேலாளரிடமே சொல்லிவிடுகிற ஆள். அதனால்தான் இதை எழுதத் துணிந்தது. இது நடுச்சாமத்தில் நடக்கவில்லை. சனிக்கிழமை பட்டப்பகலில், ஒருகொடவத்தையில், லொறிகள் போய் வந்துகொண்டிருந்த ஒரு கொன்டெய்னர் யார்டில் நடந்தது. கூடப் போன அர்ஷாத் இன்றைக்கும் வெள்ளவத்தையில் கராஜ் வைத்திருக்கிறான். சந்தேகமென்றால் அவனிடம் கேட்கலாம். என்ன, அவன் பேச்சை மாற்றிவிடுவான்.

டெரிக் கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணிக் கொடுக்கும் கம்பனியில் வேலை. சின்ன உடம்பு, ஐந்தடியைக் கொஞ்சம்தான் தாண்டியிருப்பான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுக்கு ஒரே பைத்தியம், கார் ரேஸ். அதுவும் கூரையில்லாத, ஒரு ஆள் மட்டும் உள்ளே இருந்து ஓட்டும் கார். நம்மைப் போன்றவர்கள் ஓடும் கிளப் போட்டிக்கு ஒரு பழைய கார் போதும். மனைவி ஷெரோமிக்கு மாசியில் பிள்ளை பிறக்க இருந்தது. "பிள்ளை வாறதுக்கு முன்னம் ஒரு சீசன் ஓடுங்க. பிறகு வேணாம்" என்று அவள் சொல்லிவிட்டாள். இந்த வருடம் விட்டால் பிறகு கிடையாது.

விலைக்குச் சில கார்கள் வந்தன. ஒன்றும் அவனுக்கு அளவில்லை. இந்தக் கார்களில் சீற்றை முன்னே பின்னே நகர்த்த முடியாது. ஓட்டுகிறவரை ஒரு பெரிய பொலித்தீன் பையின் மேல் இருத்தி, பைக்குள் நுரையை ஊற்றி, அது அவர் உடம்பின் அச்சிலேயே இறுகும்வரை வைத்திருந்து செய்கிற சீற். ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்குச் சரிவராது. டெரிக் ஏறினால் கால் பெடலுக்கு எட்டாது. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தும் பார்த்தாயிற்று. "ஒனக்கு ஸ்கூல் வேன்தான் சரி மச்சான்" என்று பகிடி பண்ணுவான் அர்ஷாத். அவனுக்கென்ன, ஆறடி ஆள்.

ஒருகொடவத்தைக் கார், நீளமான ஒரு கொன்டெய்னருக்குள் நின்றது. மூக்கு உள்பக்கச் சுவரைப் பார்த்தபடி, மேலே கறுப்பு உறை போட்டு. யார்டைப் பார்த்துக்கொள்ளும் நாகேந்திரம் கதவைத் திறந்துவிட்டார். வெளியே எடுத்துப் பார்க்கலாம் என்று மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கார் அசையவில்லை.

"பிறேக் இறுகி ஈக்கு" என்றான் அர்ஷாத். "ஓடாம நிண்டா இப்பிடித்தான்."

அவன் டோர்ச்சோடு காருக்கடியில் படுத்தான். சில்லுகளைத் தாங்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். இந்தக் கார்கள் எங்காவது மோதியிருந்தால் அடிச்சட்டம் வளைந்திருக்கும். மேலே புதுப் பெயின்ற் அடித்து விற்றுவிடுவார்கள். அர்ஷாத்தை ஏமாற்ற முடியாது. எழும்பும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது.

"சட்டம் நேரா ஈக்கு. ஒட்டு ஒண்டும் இல்ல. நான் காரத் தூக்க ஒரு ஜக் கேட்டுட்டு வாறேன்."

அர்ஷாத்தும் நாகேந்திரமும் ஒபிஸ் பக்கம் போனார்கள். டெரிக் அவன் வரும்வரை பொறுத்திருக்கலாம். டோர்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு ஏறியிருக்கலாம். ஆசை விடவில்லை. உறையைப் பாதி விலக்கினான். அந்த மூலைக்கு வெளிச்சம் வராது. உள்ளே ஒரே கருமை. ஸ்டியரிங் கழற்றி மூக்கின் மேல் வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தைப் பிடித்துக் காலை உள்ளே விட்டு, வழுக்கி இறங்கினான்.

பொருந்தியது.

முதுகு, இடுப்பு, தோள் எல்லாவற்றையும் அளவாகப் பிடித்துக்கொண்டது. காலை நீட்டினான். பெடல்கள் பாதத்துக்கு நேரே இருந்தன. பிறேக்கை மிதித்தான், அடிவரை போனது. எத்தனை மாத அலைச்சல். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை ஓட்டினவனும் நம்மைப்போல் குள்ளன்தான் என்று நினைத்துச் சிரித்தான். சீற் இளஞ்சூடாக இருந்தது. தகரத்துச் சூடு என்று நினைத்தான். ஸ்டியரிங்கை எடுத்து மாட்டினான். டக்.

பெல்ற் தேடித் தோளுக்குப் பின்னால் கையை விட்டான். தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டும் தாமாகவே கைக்கு வந்தன. நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டான். அவற்றைப் பூட்டும் கொழுவி எங்கே என்று தெரியவில்லை.

இந்தக் கார்களில் தோள் பெல்ற்றைத் தானே இறுக்க முடியாது. பின்னால் நின்று ஒருவர் இழுக்க வேண்டும். தலையைத் திருப்பிப் பார்க்கவும் இடமிருக்காது. கூரையில் மழை மெல்லத் தொடங்கியது. மணி இரண்டே முக்கால் இருக்கும். பின்னால் ஆள் நிற்பது டெரிக்குக்குத் தெரிந்தது.

"மச்சான், கொஞ்சம் இழு."

இறுகியது.

"இன்னும் கொஞ்சம்."

இறுகியது. நல்ல கைப்பழக்கம். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"ஆ, போதும்."

மறுபடி இறுகியது.

"போதும் மச்சான். நோகுது."

அப்போது ஒபிஸ் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அர்ஷாத்தின் சிரிப்பு. யார்டின் மறுகோடியிலிருந்து... தூரத்திலிருந்து.

டெரிக் குரலைத் தாழ்த்தினான்.

"நாகேந்திரம் அண்ணே...?"

மழை வலுத்தது. யாரோ தண்ணீரில் சளக் சளக் என்று ஓடிவரும் சத்தம். பிறகு கிரீச்... கதவு சாத்தப்பட்டது. வெளியே இரும்புத் தாழ் விழுந்தது.

ஒரே இருட்டு.

கத்தினான். தகரத்தில் கொட்டிய மழையில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஸ்டியரிங்கைக் கழற்றினால்தான் தொடையை வெளியே எடுக்கலாம். இழுத்தான். வரவில்லை. முறுக்கினான். வரவில்லை. நெஞ்சுக்கு மேல் தடவினான். கொழுவி இல்லை. கையில் பட்டது பெல்ற்றைப் போலவும் இல்லை. தடிப்பாக இருந்தது. உருண்டையாக இருந்தது.

கையை எடுத்துவிட்டான்.

கத்தியதில் மூச்சு வெளியே போயிருந்தது. திரும்ப இழுக்கப் பார்த்தான். முடியவில்லை. மூச்சு விட்ட அளவுக்கு அது இறுகியிருந்தது.

கொஞ்சமாக விட்டான்.

கொஞ்சமாக இறுகியது.

விடாமல் அடக்கிக்கொண்டான். அப்போதுதான் தெரிந்தது. அவன் மூச்சு நின்றிருந்தது. முதுகுக்குப் பின்னால் சீற் மட்டும் மெல்ல ஏறியது... இறங்கியது. ஏறியது... இறங்கியது.

மாதாவே, என் பிள்ளையைப் பார்க்க விடு என்றான். வாயால் சொல்லக் காற்று இல்லை. மனதுக்குள் சொன்னான்.

காலாவது சும்மா இருக்கட்டும் என்று பிறேக்கிலிருந்து பாதத்தை எடுத்தான்.

பெடல் மேலே வரவில்லை.

சப்பாத்து நுனியால் தொட்டுப் பார்த்தான். அடியோடு அமுங்கியிருந்தது.

பக்கத்தில் இன்னொரு சப்பாத்து இருந்தது.

...

தாழ் தூக்கும் சத்தம். வெளிச்சம். "டெரிக்?" என்று அர்ஷாத்தின் குரல். தோளில் இருந்தது முதலில் இடப்பக்கம் விட்டது. பிறகு வலப்பக்கம், மனமில்லாமல் விடுவதுபோல. ஸ்டியரிங் கையோடு கழன்று வந்தது. டெரிக் எப்படி வெளியே விழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"நீ உள்ளேயா ஈந்த?" அர்ஷாத் பதறிப்போனான். "ரோட்டுக்குப் போயிட்ட எண்டு நெனச்சேன். மழ அடிக்குதுண்டு அவரு கதவச் சாத்திட்டாரு."

"பெல்ற் இறுகிட்டு" என்றான் டெரிக். அதற்குமேல் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தனக்குத்தானே நியாயம் சொன்னான். இருட்டு, புழுக்கம், பயம். பூட்டிக் கிடந்தால் யாருக்கும் மூளை குழம்பும்தான். ஷெரோமியிடம் மூச்சு விடவில்லை. இவ்வளவு அளவான கார் இனிக் கிடைக்காது என்ற நினைப்பே கடைசியில் வென்றது. ஆசை அப்படிப்பட்ட சாமான். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அர்ஷாத்தோடு திரும்பவும் போனான். கால் எட்டியது, பிறேக்கை மிதித்தேன் என்று மட்டும் வழியில் அவனிடம் சொன்னான்.

நல்ல வெயில். நாகேந்திரம் அவர்களுக்கு முன்பே காரை வெளியே எடுத்து வைத்திருந்தார்.

"ஆரோட சேந்து தள்ளினீங்க?" என்றான் டெரிக்.

"ஆருமில்லைத் தம்பி. ஒரு கையால இழுத்தன், வந்திட்டுது." அவருக்கும் அது புதினமாக இருந்தது. "சனிக்கிழமை மூண்டு பேர் இழுத்தும் வரேல்ல. இண்டைக்குப் பாரமே இல்லை."

அர்ஷாத் சில்லைச் சுழற்றிப் பார்த்தான். இறுகியதற்கு அடையாளமே இல்லை. உறையை இழுத்துக் கழற்றினான்.

உள்ளே சீற் இல்லை. வெறும் அலுமினியத் தகடு. பெல்ற்றும் இல்லை. பெல்ற் பூட்டும் இடத்தில் வெறும் ஓட்டைகள், அவற்றில் தூசு.

டெரிக் எட்டிப் பார்த்தபடியே நின்றான். "சீற்றை நேற்றுக் கழட்டினீங்களா?"

"இஞ்ச வரேக்குள்ளயே இல்லை. இதை ஓடினவர் செத்துப்போனார். அவரின்ர மனுசி அதை வீட்டில வச்சிருக்கிறா. அந்த நுரைச் சீற்றில அவரின்ர உடம்பு அப்பிடியே இருக்காம். விக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டா." நாகேந்திரம் குரலைத் தாழ்த்தினார். "ஓடுற நாளிலயும் மனுசன் இதை விட்டு இறங்காது. சும்மா நிக்கிற காருக்குள்ள மணிக்கணக்கா இருக்குமாம். நல்ல உசரமான ஆள்."

அர்ஷாத் காருக்குள் இறங்கினான். தகட்டில் முதுகு படச் சாய்ந்தான். காலை முழுக்க நீட்டினான்.

எட்டவில்லை. அந்த ஆறடி ஆளின் பெருவிரலுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு சாண் வெறுமையாக இருந்தது.

அவன் அப்படியே கிடந்து டெரிக்கின் கால்களைப் பார்த்தான்.

"நீ பிறேக் மிதிச்ச எண்டு சொன்னியே?"

"ஓம்."

"எப்பிடி மிதிச்ச?"

டெரிக் தகட்டையே பார்த்தான். அவன் முதுகுக்கும் இந்தத் தகட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிற அளவு இடம் இருந்திருக்கிறது.

காரை வேறொருவர் வாங்கிப் போனார். நன்றாக ஓடுகிறதாம். பிறேக் ஒருநாளும் இறுகவில்லையாம். அதற்குப் பிறகு டெரிக் ரேஸ் பேச்சை எடுப்பதில்லை. பஸ்ஸில் இடம் இருந்தாலும் நிற்கிறான். அலுவலகத்தில் கதிரையின் நுனியில் இருக்கிறான். முதுகைச் சாய்ப்பதில்லை. சாய்ந்தால் கதிரைக்கு முன்பே ஏதோ முதுகில் படுகிறது என்று அர்ஷாத்திடம் ஒருமுறை மட்டும் சொன்னான்.

மாசியில் பெண் பிள்ளை பிறந்தது. அவள் அழுதால் டெரிக்தான் முதலில் ஓடிப்போய்த் தூக்குவான். "கால் நோகப் போகுது. இருந்து மடியில வச்சிருங்களன்" என்று ஷெரோமி கதிரையை இழுத்துப் போடுவாள். அவன் தலையை ஆட்டுவான். கதிரையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி, நித்திரையாகும்வரை நின்றுகொண்டே இருப்பான்.